கல்லாவை விட்டு இரண்டு நாள்

நமது சங்கக் கூட்டங்களில் வரி, வாடகை, எடைக்கல் முத்திரை, ஆன்லைன் வியாபாரத்தின் போட்டி என்று எத்தனையோ பேசுகிறோம். வணிகரின் ஓய்வு பற்றிப் பேசியதாக எனக்கு நினைவில்லை. பேசினால் சிரிப்பார்கள் என்ற கூச்சம்தான் காரணமாக இருக்கும். "கடையைப் பூட்டிவிட்டு ஊர் சுற்றவா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்து வரும் உரிமையில் இதை எழுதுகிறேன்.

1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், கடைத் தொழிலாளிக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தரச் சொல்கிறது. 2019 ஜூனில் 24 மணி நேரமும் கடை திறக்க அரசு அனுமதித்தபோதும், ஒவ்வொரு தொழிலாளிக்கும் வார விடுப்பு உண்டு என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தது. மூட்டை தூக்குபவருக்கு விடுப்பு உண்டு. கணக்கு எழுதுபவருக்கும் உண்டு. கல்லாவில் உட்காருபவருக்கு எந்தச் சட்டத்திலும் விடுப்பு எழுதப்படவில்லை. அவர் தாமாக எடுத்தால்தான் உண்டு. மே 5 வணிகர் தினத்தன்று கடை அடைக்கிறோம் என்பது உண்மை. அன்றைக்கும் வேன் பிடித்து மாநாட்டுக்குப் போய், பந்தலில் உட்கார்ந்து பருப்பு விலைதான் பேசுகிறோம்.

ஆகவே நான் சொல்ல வருவது இதுதான். ஆண்டுக்கு ஒரு முறையாவது, இரண்டு இரவு, மூன்று பகல், ஒவ்வொரு வணிகரும் தனியாக, செலவு குறைந்த, சந்தடி இல்லாத ஓர் இடத்துக்குப் போய்வர வேண்டும். இதை உல்லாசம் என்று எண்ணாமல் தொழிலுக்கு வேண்டிய ஒரு செலவாகவே எண்ண வேண்டும்.

ஏன் தனியாக?

"குடும்பத்தோடு திருப்பதி போகிறோமே, சங்கத்தில் சுற்றுலா போகிறோமே, போதாதா?" என்று கேட்கலாம். அவையும் வேண்டியவைதான். ஆனால் குடும்பப் பயணத்தில் பெட்டியை எண்ணுவது யார்? டிரைவரிடம் பேசுவது யார்? பேரனுக்குப் பால் எங்கே கிடைக்கும் என்று அலைவது யார்? அங்கேயும் நாம்தான் முதலாளி, நாம்தான் கணக்குப்பிள்ளை. சங்கச் சுற்றுலாவிலோ பேருந்து டோல்கேட்டைத் தாண்டுவதற்குள் துவரம்பருப்பு என்ன விலைக்குப் போகும் என்ற பேச்சு தொடங்கிவிடும். இரண்டிலும் உடம்பு ஊர் மாறுகிறது. மனம் கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறது.

தனியே போவது நமக்குப் புதிதும் அல்ல. நம் ஊர்த் தலபுராணமே தனியே கிளம்பிய ஒரு பிள்ளையின் கதைதான். பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு பழனிக்குப் புறப்பட்ட முருகனைத் தாய் 'மகனே' என்று அழைத்து நிறுத்திய இடம் மகனூர் ஆகி, பிறகு மோகனூர் ஆயிற்று என்று பெரியவர்கள் சொல்வார்கள். கோபம் இல்லாமலும் தனியே கிளம்பலாம் என்பது மட்டுமே நான் அதனோடு சேர்த்துச் சொல்வது.

"காவிரிக்கரையில்தானே இருக்கிறோம், அசலதீபேஸ்வரர் கோயில் படித்துறையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் போதாதா?" என்றும் ஒரு நண்பர் கேட்டார். உட்கார்ந்து பாருங்கள். ஐந்து நிமிடத்தில் ஒருவர் வந்து, "அண்ணாச்சி, அந்தப் பாக்கியை அடுத்த வாரம் தந்துடறேன்" என்பார். அல்லது நாம் பாக்கி தரவேண்டியவர் எதிரே வருவார். சொந்த ஊரில் வணிகருக்கு ஓய்வு கிடையாது.

உண்மையான காரணம்

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கரூர்ப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மொத்த வியாபாரி இருந்தார். முப்பது ஆண்டுகளில் ஒரு நாள்கூடக் கடையை விட்டு நகராதவர்; அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொள்வார். ஒரு நாள் பக்கவாதம் வந்து பேச்சு நின்றுவிட்டது. அவருடைய மகன் நல்ல பிள்ளை, படித்தவன். ஆனால் எந்தச் சில்லறைக் கடைக்காரர் எவ்வளவு தரவேண்டும், யாரிடம் கெடு வைக்கலாம், யாருக்கு ரொக்கம் வாங்காமல் மூட்டை ஏற்றக்கூடாது என்பதெல்லாம் அப்பாவின் தலைக்குள் இருந்தது. நோட்டில் பாதிதான் இருந்தது. தந்தவர்கள் தந்தார்கள், மறந்தவர்கள் மறந்தார்கள். கடை இன்றும் நடக்கிறது, பழைய அளவில் இல்லை.

மூன்று நாள் நாம் இல்லாமல் நடக்கிற கடைதான், நமக்குப் பிறகும் நடக்கும். எனவே இந்தப் பயணம் நமக்கு ஓய்வு. கடைக்கு ஒரு சோதனை. கிளம்புவதற்கு முன் கடன் நோட்டை ஒழுங்காக எழுதி வைத்தாக வேண்டும். மில்லுக்கு யார் பேசுவது, லாரி வந்தால் யார் சரக்கு எண்ணி இறக்குவது, காசோலையில் யார் கையெழுத்து என்று முடிவு செய்தாக வேண்டும். திரும்பி வந்து பார்த்தால் எங்கே இடித்தது என்று தெரிந்துவிடும். அந்த ஓட்டையை நாம் நன்றாக இருக்கும்போதே அடைத்துவிடலாம்.

எப்போது போவது?

நமக்கென்று ஒரு பஞ்சாங்கம் இருக்கிறது. மாதத்தின் முதல் பத்து நாள் சம்பள வீடுகளின் மளிகை வியாபாரம். 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி. கணக்குகள். ஆக 21-ஆம் தேதிக்கு மேல் மாதக் கடைசிக்குள் கிளம்புவது நல்லது. அதிலும் செவ்வாய் முதல் வியாழன் வரை என்று வைத்துக்கொண்டால், எந்த மலைவாசத்தலத்திலும் கூட்டம் இருக்காது. அறை வாடகையும் சனி, ஞாயிறை விடக் குறையும்.

மாதங்களில் எனக்குப் பிடித்தது பொங்கல் கழிந்த தையின் பின்பாதியும் மாசியும். பொங்கல் வியாபாரம் முடிந்து கடை சற்று ஓய்ந்திருக்கும். மழை விட்டிருக்கும், குளிர் மிச்சமிருக்கும். பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்குவதால் குடும்பங்கள் சுற்றுலா கிளம்புவதில்லை. தேவை இல்லாத நாளில் சரக்கு வாங்குவது போன்றதுதான் இதுவும். எல்லாரும் வாங்கும் மே மாதத்தில் போனால் விலையும் அதிகம், தரமும் குறைவு. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் சொந்த வாகனத்தில் போக, 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இ-பாஸ் வேண்டியிருக்கிறது. அந்த அளவுக்குக் கூட்டம். பேர் பெற்ற ஊரைத் தேடுபவர் போகட்டும். அமைதி தேடுபவருக்கு அவை வேண்டாம்.

முதல் இடம்: கொல்லிமலை

வீட்டுக் கொல்லையில் மலையை வைத்துக்கொண்டு எங்கெங்கோ தேடுகிறோம். மோகனூரிலிருந்து நாமக்கல் 18 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து செம்மேட்டுக்கு அரசுப் பேருந்து உண்டு. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். வயிற்றைக் காலியாகவும் வைக்காமல், நிறையவும் வைக்காமல், பேருந்தின் முன்பக்கம் உட்காருங்கள், தலைசுற்றல் வராது.

மேலே மிளகு, காபி, பலா, அன்னாசி, மலைவாழை, சாமை, கேழ்வரகு எல்லாம் விளைகிறது. சோளக்காட்டில் மிளகைப் பார்த்ததும் விலை கேட்க நம்மவர்களுக்கு நாக்கு துறுதுறுக்கும். கேட்காதீர்கள். கேட்டால் பயணம் கொள்முதலாகிவிடும். அறப்பளீசுவரர் கோயிலில் கூட்டமில்லாத நாளில் நின்று கும்பிடலாம். ஆகாய கங்கை அருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. ஆனால் அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும். இறங்குவது எளிது; திரும்பி ஏறுவதுதான் பாடு. மூட்டுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் கோயிலோடு நின்றுகொள்வது நலம். அருவி பார்க்காமல் வந்தால் யாரும் அபராதம் போடமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஆடி 17, 18 தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும். கடையெழு வள்ளல்களில் ஒருவனான ஓரிக்கு எடுக்கும் அந்த விழாவைப் பார்க்க விரும்புபவர் அப்போது போகட்டும். தனிமை விரும்புபவர் அந்த வாரத்தைத் தவிர்க்க வேண்டும்.

போன ஆண்டு நான் போய்வந்த செலவு, பேருந்து, இரண்டு இரவு எளிய அறை, சாப்பாடு, தேநீர் எல்லாம் சேர்த்து நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. ஒரு மூட்டை நல்ல பருப்பின் விலைகூட இல்லை.

ஏற்காட்டையும் சொல்லலாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுதான். 5,000 அடியை ஒட்டிய உயரம். குளிரும் நன்றாக இருக்கும். ஆனால் சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாவும் வேண்டாம்.

இரண்டாம் இடம்: தரங்கம்பாடி

மலை ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கடல். 2013-இல் சேலம்–கரூர் ரயில் பாதை திறந்த பிறகு மோகனூரிலேயே ரயில் ஏற முடிகிறது. கரூர் போய், திருச்சி, தஞ்சாவூர் வழியாக மயிலாடுதுறை. அங்கிருந்து பேருந்தில் தரங்கம்பாடி.

1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் அங்கே கோட்டை கட்டினார்கள். வந்தது நம் மிளகுக்காகத்தான். இரண்டு நூற்றாண்டுக்கு மேல் இருந்துவிட்டு, 1845-இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். எவ்வளவு பெரிய கம்பெனியும் ஒரு நாள் கடையைக் கட்டத்தான் வேண்டும் என்பதை அந்தக் கோட்டை வாசலில் உட்கார்ந்து யோசித்துப் பார்க்கலாம். வடக்கே சற்றுத் தூரத்தில் பூம்புகார். நம் ஊர்ப் படித்துறையைத் தொட்டு ஓடும் காவிரி கடலில் சேரும் இடம். கடற்கரையை ஒட்டிய பங்களாக்களில் வாடகை கூடுதல். மயிலாடுதுறையிலோ காரைக்காலிலோ தங்கிப் பகலில் போய்வந்தால் செலவு பாதியாகும்.

சில நடைமுறைக் குறிப்புகள்

தனியாக வருபவருக்கு, அதுவும் வயதானவருக்கு, அறை தரச் சில விடுதிக்காரர்கள் தயங்குவார்கள். அவர்கள் பயம் அவர்களுக்கு. முந்தின நாளே போனில் பேசி, இன்ன ஊரில் இன்ன வியாபாரம் என்று சொல்லி, ஆதார் அட்டையோடு போனால் பிரச்சினை வராது. 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். பில்லில் கூடுதலாகப் போட்டால் கேளுங்கள்.

மருந்து மூன்று நாளுக்குப் பதில் ஐந்து நாளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். தங்கும் இடத்தின் போன் எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள். இரவு எட்டு மணிக்கு ஒரு முறை வீட்டுக்குப் பேசுங்கள், கடைக்குப் பேசாதீர்கள். "இன்றைக்கு விற்பனை எவ்வளவு?" என்ற கேள்வியைத் திரும்பி வந்த பிறகு கேட்டால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்மில் பலர் வீட்டில், மதியம் நாம் சாப்பிட்டுக் கண்ணயரும் நேரத்தில் கல்லாவில் உட்காருவது மனைவிமார்தான். அவர்களுக்குக் கடையும் உண்டு, அடுப்பும் உண்டு. நமக்கு இரண்டு நாள் என்றால் அவர்களுக்கும் இரண்டு நாள் வேண்டும். பிறந்த வீடோ, தோழி வீடோ, கோயிலோ, அவர்கள் விரும்பும் இடத்துக்கு, நம்மையும் பிள்ளைகளையும் கவனிக்கும் பொறுப்பு இல்லாமல் அனுப்பி வைக்க வேண்டும். அந்த மூன்று நாள் சோறு யார் வைப்பது என்பதும் ஒரு சோதனைதான்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

கடை மூடினால் வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவாரே என்ற அச்சம் சிறு கடைக்காரருக்கு நியாயமானது. மகனோ ஆளோ இல்லாத ஒற்றை ஆள் கடைகள் நம் ஊரில் நிறைய உண்டு. இதற்குச் சங்கம் ஒரு வழி செய்யலாம். பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் முறைவைத்துக்கொண்டு, ஒருவர் போகும்போது மற்றவர் அவருடைய வாடிக்கைக்காரருக்குச் சரக்குக் கொடுத்து, கணக்கைத் தனியே எழுதி வைத்து ஒப்படைக்கலாம். நம்பிக்கையின் பேரில் லட்சக்கணக்கில் சரக்கைக் கடனாகக் கொடுக்கும் நாம், மூன்று நாள் வாடிக்கையை ஒருவருக்கொருவர் நம்பிக் கொடுக்க முடியாதா?

அடுத்த செயற்குழுவில் இதைப் பேசும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை காத்திருக்காமல், கடனோட்டை எழுதி முடித்த வணிகப் பெருமக்கள் வரும் மாசியிலேயே கிளம்பலாம். துண்டு ஒன்று, வேட்டி இரண்டு, மருந்துப் பெட்டி. கைப்பை கனக்கக்கூடாது.