புகை கேட்கிறோம், பூச்சாடியைப் பார்க்கிறோமா?



இன்று கொசுவைப் பற்றி எழுதப் போகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும்! சென்ற ஆண்டு என் வகுப்பில் நடந்த ஒன்றை எழுதாமல் விட்டால் என் மனம் ஆறாது.

நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன். ஒரு நொடி ஓரிடத்தில் இருக்க மாட்டான். ஒரு திங்கட்கிழமை அவன் பள்ளிக்கு வரவில்லை, காய்ச்சல் என்றார்கள். புதன்கிழமை மருத்துவமனையில் சேர்த்தார்கள். டிங்கிக் காய்ச்சல் என்று உறுதியாயிற்று. ஆறு நாள்கள் அங்கே கிடந்தான். அந்த ஆறு இரவுகளும் அவன் தாயார் கட்டிலருகே நாற்காலியிலேயே உறங்கினார். நல்லவேளை, பிள்ளை பிழைத்து வந்தான்.

செய்தி பரவியதும் வகுப்பின் புலனக் குழு கொதித்தது. 'பள்ளியில் உடனே புகை அடிக்க வேண்டும்', 'என்ன செய்து கொண்டிருக்கிறது பள்ளி நிர்வாகம்?' என்று அடுக்கடுக்காகச் செய்திகள். நானும் 'ஆமாம், அடிக்கத்தான் வேண்டும்' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை ஆட்கள் வந்தார்கள். பள்ளி வளாகமே வெண்புகையில் மறைந்தது. அதைப் படம் பிடித்துக் குழுவில் போட்டோம். எல்லாருக்கும் ஒரு நிம்மதி.

அடுத்து வந்த திங்கட்கிழமை காலையில்தான் அதைக் கண்டேன். என் வகுப்பறைச் சன்னலோரம் ஒரு கண்ணாடிப் புட்டி. அதில் மணிப்பிளாண்ட் கொடி. வகுப்பறை அழகுப் போட்டிக்காக என் கைக்காசில் வாங்கி நானே வைத்தது. தண்ணீர் மாற்றலாம் என்று கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வேர்களுக்கு இடையே புழுக்கள் நெளிந்து கொண்டிருந்தன. மலாய்மொழியில் 'ஜெந்திக்-ஜெந்திக்' என்று சுவரொட்டிகளில் படம் போட்டுக் காட்டுகிறார்களே, அதே கொசுப்புழுக்கள்! புகை அடித்து மூன்று நாள் ஆகியும் அவற்றுக்கு ஒரு குறையும் இல்லை.

அம்மாணவனைக் கடித்த கொசு அந்தப் புட்டியில் பிறந்ததுதான் என்று எவராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. புட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் பாடம் நடத்தப் போய்விட்டேன். அதைத்தான் இப்போது இங்கே சொல்கிறேன்.

புகை அடிப்பது வீண் என்று நான் கூறவில்லை. ஓர் இடத்தில் டிங்கி கண்டவுடன், நோய்க்கிருமியைச் சுமந்து பறக்கும் கொசுக்களை விரைந்து ஒழிக்க அது தேவைதான். ஆனால், அந்தப் புகைக்கு உள்ள ஆற்றல் அவ்வளவே! பறக்கும் கொசுவின் உடலில் மருந்துத் துளி பட்டால் அது சாகும். நீருக்குள் இருக்கும் புழுவுக்கும் கூட்டுப்புழுவுக்கும் ஒன்றும் ஆகாது. மறுநாளே அவை சிறகு முளைத்துப் பறக்கும். இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. புகை வண்டியின் ஓசை கேட்டதும் நம் வீடுகளில் சன்னல்களை இறுக மூடிக்கொள்கிறோம். ஏடிஸ் ஏஜிப்தி என்னும் கொசு வீட்டுக்குள்ளேதான், தொங்கும் துணிகளுக்குப் பின்னாலும் கட்டிலுக்கு அடியிலும் ஒளிந்திருக்கிறது. அதை உள்ளே வைத்துக் கதவை மூடிவிட்டுத் தெருவுக்குப் புகை காட்டுகிறோம். போதாக்குறைக்கு, ஒரே வகை மருந்தை ஆண்டுக்கணக்கில் அடித்ததால் நம் நாட்டின் பல இடங்களில் ஏடிஸ் கொசுக்கள் அம்மருந்தைத் தாங்கும் வலிமையும் பெற்றுவிட்டன.

ஆயினும் நாம் புகையைத்தான் கேட்கிறோம். ஏன்? புகை கண்ணுக்குத் தெரிகிறது, அடிப்பவர் வேறொருவர். நமக்கு வேலை இல்லை!

நம் முன்னோர் இதில் நம்மைவிடத் தெளிவாக இருந்தார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தோட்டப்புறங்களில் நம் மக்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது மலேரியா. 1897இல் ரொனால்டு ராஸ் என்பார் இந்தியாவில் மலேரியாக் கிருமியைக் கொசுவின் உடலுக்குள் கண்டார். நான்கே ஆண்டுகளில், 1901இல், கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்த மால்கம் வாட்சன் அந்த அறிவைச் செயலில் இறக்கினார். கிள்ளான் நகரிலும், இன்று கிள்ளான் துறைமுகம் என வழங்கும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் சதுப்பு நிலங்களை வெட்டி நீரை வடியவிட்டார்கள். மலேரியா மளமளவெனக் குறைந்தது. பின்னாளில் தோட்டந்தோறும் கால்வாய்களில் எண்ணெய் தெளிப்பதற்கென்றே ஆட்களை வைத்தார்கள். முதுகில் மருந்துத் தோம்பைச் சுமந்து அந்த வேலையைச் செய்தவர்களில் நம் பாட்டனார்கள் எத்தனையோ பேர். வாரம் தவறாமல் செய்தார்கள். கொசு பறந்த பின் அதைத் துரத்துவதைவிட, பிறக்கும் நீரிலேயே ஒழிப்பது எளிது என்பது அவர்களின் நடைமுறையாக இருந்தது.

ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அதுவே நான் சொல்ல வந்தது. மலேரியாக் கொசு ஓடையிலும் பள்ளத்திலும் வளர்ந்தது. தோட்ட நிர்வாகம் ஆள் அனுப்பினால் போதும். ஏடிஸ் கொசுவோ நம் சமையலறையில் வளர்கிறது, பூசையறையில் வளர்கிறது. அதற்குச் சாக்கடை வேண்டா. தெளிந்த, தேங்கிய நீர் போதும். எந்த நகராண்மைக் கழகம் வாரந்தோறும் நம் பூசையறைக்குள் ஆள் அனுப்பும்? 1975ஆம் ஆண்டிலேயே நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் சட்டம் வந்துவிட்டது. புழு கண்ட வீட்டுக்காரருக்குத் தண்டம் போடவும் அதில் இடமுண்டு. என்றாலும், 2019ஆம் ஆண்டில் மட்டும் மலேசியாவில் 1,30,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தார்கள். சட்டம் வாசல்வரை வரும். அதற்கு உள்ளே இருப்பது நாம்தான்.

புட்டியைக் கண்ட அன்று மாலை என் வீட்டையும் கைவிளக்கோடு சுற்றிப் பார்த்தேன். பூசையறைச் சொம்பில் நீர் மாற்றி எத்தனை நாளாயிற்று என்று வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. துளசிச் சாடியின் அடித்தட்டில் நீர். குளிர்சாதனப் பெட்டியின் பின்புறம் ஒரு தட்டு இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும், அதிலும் நீர். பாத்திரம் கவிழ்க்கும் கூடையின் அடியில் நீர். இவற்றையெல்லாம் விட என்னைச் சிரிக்க வைத்தது, எறும்பு ஏறாமல் இருக்க உணவு அலமாரியின் நான்கு கால்களுக்கும் அடியில் நாங்கள் வைத்திருந்த நீர்க்கிண்ணங்கள். எறும்பை விரட்டக் கொசுவை வளர்த்திருக்கிறோம்! அந்த நான்கில் ஒன்றில் புழு இருந்தது. இப்போது அவற்றில் உப்புக் கலந்த நீரை ஊற்றுகிறோம். வாரந்தோறும் மாற்றியும் விடுகிறோம்.

நீரைக் கொட்டினால் மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏடிஸ் கொசு முட்டைகளை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் உட்சுவரில் ஒட்டி வைக்கிறது. நீர் வற்றினாலும் அவை மாதக் கணக்கில் காய்ந்து கிடக்கும். மீண்டும் நீர் பட்டால் பொரிக்கும். ஆகவே, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்கு நம் நாட்டு வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள்கள் ஆகின்றன. வாரம் ஒருமுறை என்ற கணக்கு அதனால்தான். கொட்ட முடியாத குளியலறைத் தொட்டிக்கு அபேட் மருந்து போடலாம். பத்து லிட்டர் நீருக்கு ஒரு கிராம்.

சில பெற்றோர் தோட்டத்துச் செடிகளுக்கெல்லாம் பூச்சிமருந்து தெளிக்கிறார்கள். தும்பியும் தேனீயும்தான் அதில் சாகின்றன. தும்பியின் குஞ்சுகள் நீரில் கொசுப்புழுவைத் தின்று வளர்பவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். பப்பாளி இலைச் சாற்றைப் பற்றியும் ஒரு சொல். அதை நம்பி மருத்துவரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். டிங்கியில் காய்ச்சல் தணிகிற நேரம்தான் ஆபத்தான நேரம். விடாத வயிற்றுவலி, வாந்தி, ஈறுகளில் குருதி என்று கண்டால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். காய்ச்சலுக்கு ஆசுபிரின் கொடுக்கவே கூடாது.

பள்ளிக்கு வருவோம். ஆசிரிய நண்பர்களே, கோத்தோங்-ரோயோங் என்று ஆண்டுக்கு இரண்டு முறை புல் வெட்டுகிறோம், படம் எடுக்கிறோம், சிற்றுண்டி உண்கிறோம். புல்லில் ஏடிஸ் முட்டையிடுவதில்லை! பள்ளி விடுமுறை விட்ட பின் யாரும் இழுத்துவிடாத கழிவறைத் தொட்டியிலும், கூரையின் நீர்த்தாரையிலும், அறிவியல் அறையின் மூலையில் மறந்துபோன முகவையிலும்தான் அது முட்டையிடுகிறது. விடுமுறை முடிந்து பிள்ளைகள் வரும் முதல் நாளுக்கு முன்பாகவே இவற்றைப் பார்த்துவிட வேண்டும். பணியாளர் தலையில் மட்டும் இதைக் கட்டிவிடுவது முறையன்று.

என் வகுப்பில் இப்போது வெள்ளிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறேன். மாணவர்கள் இருவர் இருவராகப் பள்ளியைச் சுற்றி வருகிறார்கள். கண்ட இடத்தைக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். வீட்டில் கண்டதையும் எழுதி வருகிறார்கள். 'படிப்பை விட்டுப் புழு தேடவா பிள்ளையை அனுப்புகிறோம்?' என்று ஒரு தந்தையார் நேரில் வந்தே கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைப் படம் வரைந்து முழு மதிப்பெண் வாங்கிய என் மாணவர்கள் எவருக்கும் அந்தப் புட்டியைத் திரும்பிப் பார்க்கத் தோன்றவில்லை. வரையச் சொல்லிக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் வீட்டுக் கொல்லையில் பழைய உருளிப்பட்டைகள் நான்கு கிடப்பதாகச் சொன்னார்.

குறிப்பேடுகளைப் படிப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. 'பாட்டி சொம்பைத் தொடவிடவில்லை. சாமித் தண்ணீரில் புழு வராதாம். நான் கைவிளக்கு அடித்துக் காட்டினேன். மூன்று இருந்தன. பாட்டி இப்போது தானே மாற்றுகிறார்' என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். அதில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்த மனம் வரவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை மாடிக் கழிவறைகளையும் நூலகத்தின் பின்புறத்தையும் பார்க்க இருக்கிறோம். பள்ளியில் கைவிளக்குகள் இரண்டே உள்ளன. வீட்டில் சிறியதாக ஒன்று இருந்தால் பிள்ளைகளிடம் கொடுத்தனுப்புங்கள். மாலையில் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.