பெயரை நீக்கினால் போதுமா?

ஆராய்ச்சிக்கென மக்கள் தம் உடல்நிலையைப் பற்றித் தரும் தகவல், நம்மிடம் அவர்கள் ஒப்படைக்கும் அடைக்கலப் பொருளாகும். அதனைக் காப்பது மேலதிகாரிகளின் பொறுப்பு என்றும், படிவத்தில் பெயரை நீக்கிவிட்டால் கடமை முடிந்தது என்றும் சிலர் கருதுகின்றனர். இவ்விரு கருத்துகளும் பிழையானவை என்பதே என் அபிப்பிராயம்.

அந்தரங்கத்தைப் பேணினால் ஆராய்ச்சி தடைப்படும் என அஞ்சுவோர்க்கு நம் நாட்டிலேயே விடை உண்டு. 2005-06-இல் நடைபெற்ற மூன்றாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், எச்.ஐ.வி. சோதனைக்காகச் சுமார் 1 லட்சம் பேர் விரல்நுனி இரத்தத்தைக் கொடுத்தனர். வடிதாளில் உலர்ந்த அத்துளிகள், பெயரின்றிக் குறியீட்டு எண்ணை மட்டும் தாங்கி ஆய்வுக்கூடம் சென்றன. அந்தக் கணக்கெடுப்பும் பிற கண்காணிப்பு விவரங்களும் சேர்ந்து, இந்தியாவில் அத்தொற்றுடையோர் சுமார் 25 லட்சம் பேரே, முன்னர் எண்ணியதில் ஏறத்தாழப் பாதியே, என்பதை 2007-இல் புலப்படுத்தின. மக்கள் நம்பிக்கொடுத்தமையால் நாடு உண்மையை அறிந்தது.

ஆயினும், பெயரை நீக்குவது முதற்படியே ஆகும். அஞ்சல் எண், பிறந்த தேதி, பால் ஆகிய மூன்றைக் கொண்டே தம் நாட்டினரில் 87 சதவீதத்தினரைத் தனித்து அடையாளம் காணக்கூடும் என அமெரிக்க அறிஞர் லட்டான்யா ஸ்வீனி 2000-ஆம் ஆண்டில் மதிப்பிட்டார். நூறு வீடுகளே உள்ள சிற்றூரில் இத்துணையும் வேண்டுவதில்லை. "காசநோய்; வயது 42; பள்ளி ஆசிரியை" என்று எழுதினால், ஆள் யார் என்பது ஊரார்க்கு விளங்கிவிடும். அவர் மகளுக்கு வந்த சம்பந்தம் நின்றுபோகலாம். பெற்றோர் தம் பிள்ளைகளை அவர் வகுப்பிலிருந்து விலக்கலாம். நோய் மருந்தால் குணமான பின்னரும் இத்தீங்கு நீடிக்கும்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றம் 2017-இல் தீர்ப்பளித்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அதே ஆண்டில் வெளியிட்ட நெறிமுறைகளும் பங்கேற்போரின் தகவலைக் காக்குமாறு பணிக்கின்றன. ஆனால், வீட்டுத் திண்ணைக்குச் சென்று அமர்பவர் நீதிபதியல்லர்; களப்பணியாளரே. மாமியாரும் அயலாரும் சூழ்ந்திருக்கையில் ஒரு பெண்ணிடம் கருச்சிதைவைப் பற்றி வினவுதல் தகாது. நிரப்பிய படிவத்தைத் தேநீர்க்கடை மேசையில் வைத்தலும், அதனைப் படமெடுத்து வாட்ஸ்அப் குழுவில் அனுப்புதலும் தகா. ஆய்வுக்குத் தேவையற்றதைக் கேளாதிருத்தலே முதற்பாதுகாப்பு. ஆசிரியர்களும் மாணவரின் எடையையோ இரத்தச்சோகையையோ வகுப்பறையில் உரக்கப் படிக்கலாகாது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் ஒன்று கூற விழைகின்றேன். சம்மதப் படிவங்களில் "இரகசியம் காக்கப்படும்" என்று எழுதுகிறோம். இதனைக் கேட்கும் பாமரர், தாம் ஏதோ வெட்கத்திற்குரிய செயலில் இறங்குவதாக மிரளக்கூடும். "நீங்கள் சொல்வதை இன்னார் மட்டுமே பார்ப்பர், இக்காரியத்திற்கு மட்டுமே பயன்படும், விருப்பமில்லையேல் மறுக்கலாம், மறுத்தாலும் உங்கள் சிகிச்சை நிற்காது" என்று தெளிவாகச் சொல்லுதலே முறை. அவ்வாறு சொல்லியபின் அதன்படி நடத்தலும் வேண்டும். ஒரு வீட்டில் நம்பிக்கை கெடின், அடுத்துச் செல்லும் கணக்கெடுப்பாளர்க்கு அவ்வூரில் மெய்யான விடை கிடைப்பது அரிது.