பழைய டிரான்ஸ்மிட்டரில் துளையிடாதீர்கள்

புதுச்சேரிக்கு வானலையில் ஒருகாலத்தில் தனி முகவரி இருந்தது. அமெச்சூர் வானொலியாளர்களின் அழைப்புக்குறி எந்த நாட்டுக்குரியது என்பதை அதன் முன்னொட்டே சொல்லிவிடும். இந்தியாவுக்கு 'வியூ'; பிரெஞ்சிந்தியாவுக்கு 'எஃப்என்8'. 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் கைமாறியதும் அந்த முன்னொட்டு ஓய்ந்தது. எத்தனை நாடுகளோடு பேசினோம் என்று கணக்கு வைப்போருக்கான உலகப் பட்டியலில், நீக்கப்பட்ட நாடுகளின் வரிசையில் பிரெஞ்சிந்தியா இன்றும் உண்டு. அக்டோபர் 31 வரையிலான தொடர்புகள் மட்டுமே செல்லும் என்ற குறிப்போடு.

அந்தக் காலத்துக்கும் அடுத்த இருபதாண்டுகளுக்கும் உரிய வால்வு டிரான்ஸ்மிட்டர்கள் இப்போது பரணிலிருந்து இறங்குகின்றன. சில வரவேற்பறை அலங்காரமாகின்றன. சிலவற்றின் வால்வுகள் மட்டும் உருவி விற்கப்படுகின்றன. மிஞ்சியவை ஆர்வலர் கையில் சேரும்போது, முதல் வேலையாகத் துளையிடும் கருவியை எடுக்கிறார்கள். என் வழக்கு இந்தக் கடைசிக் கூட்டத்தோடுதான். நானும் அதைச் சேர்ந்தவன் என்பதால்.

அவர்களின் தேவை நியாயமானது. இக்கருவிகளில் பல, படிகத்தால் அதிர்வெண் கட்டப்பட்டவை. கையில் எந்தக் கிரிஸ்டல் இருக்கிறதோ அந்த இடத்தில் மட்டுமே பேச முடியும். அமெரிக்காவில் 1951இல் தொடங்கிய புதுமுக உரிமம் 1972 வரை படிகத்தைக் கட்டாயமாகவே வைத்திருந்தது. அன்று அது பெருங்குறையாகத் தெரியவில்லை. அழைப்பு விடுத்தவர் அலைவரிசை முழுவதையும் துழாவி, வேறெங்கோ கேட்கும் பதிலைத் தேடிப் பிடிப்பார். இன்று அனுப்புவதும் கேட்பதும் ஒரே பெட்டி. அழைத்த இடத்திலேயே பதிலும் வரவேண்டும் என்பது வழக்கம். ஒற்றைக் கிரிஸ்டலோடு வருபவர் ஆளில்லாத் தெருவில் நின்று கூப்பிடுகிறார்.

ஆகவே, அதிர்வெண்ணை விருப்பப்படி நகர்த்தும் அலையியற்றி ஒன்று வேண்டும். அதைக் கருவிக்குள் புகுத்தாதீர்கள், வெளியே வையுங்கள் என்பதே என் கட்சி. இது புதுமையும் அல்ல. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும், ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க விமான டிரான்ஸ்மிட்டர்களை அன்றைய அமெச்சூர்கள் இப்படித்தான் வெளி அலையியற்றியாக வைத்துக்கொண்டார்கள். ஹீத்கிட் நிறுவனம் டிஎக்ஸ்-60க்குத் துணையாக எச்ஜி-10 என்ற தனிப்பெட்டியையே விற்றது. சுருளும் காற்று மின்தேக்கியும் கொண்ட பழைய வகை அலையியற்றியை நம் ஊர் வெயில் சும்மா விடாது என்பது உண்மை. மேமாத மதியத்தில் கடற்காற்று இறங்கிச் சன்னலைத் திறந்தால் அதிர்வெண்ணும் கூடவே நகரும்.

அதனால் இன்றைய சில்லைப் பயன்படுத்துவதில் எனக்குத் தயக்கமில்லை. ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த மைக்ரோபிட்எக்ஸ் கருவியில் உள்ள எஸ்ஐ5351 போதும். வால்வின் தூய்மை கெட்டுவிட்டது என்போர் ஒன்றைக் கவனிக்கலாம். அந்தச் சில்லும் பக்கத்தில் ஒரு படிகத்தை, பெரும்பாலும் 25 மெகாஹெர்ட்ஸ் படிகத்தை, வைத்துக்கொண்டுதான் எண்ணிக்கொண்டிருக்கிறது.

இணைப்பது கிரிஸ்டல் சாக்கெட் வழியாக. இங்கேதான் அவசரக்காரர்கள் அடிபடுகிறார்கள். சில சுற்றுகளில் சாக்கெட்டின் ஒரு கால் வால்வின் கிரிட்டுக்கும் மற்றது தரைக்கும் போகும். வேறு சிலவற்றில் அந்த மற்றக் கால் உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். வரைபடத்தைப் பார்க்காமல் கம்பி செருகினால் சில் போய்விடும், நீங்களும் போகக்கூடும். இறுதி வால்வான 6146இன் தட்டில் சுமார் 600 வோல்ட் இருக்கும் வீடு இது. கிரிட் காலுக்கு மட்டும், தக்க வோல்ட் தாங்கும் மின்தேக்கி ஒன்றை நடுவே வைத்துத்தான் இணைக்கவேண்டும்.

சில் தருவது மூன்று வோல்ட் அளவிலான சதுர அலை. வால்வின் கிரிட்டுக்கு அது பசி தீராத சோறு. ஒரு டிரான்சிஸ்டர் பெருக்கியும் இசைவுச் சுற்றும் இடையில் வேண்டும். இன்னொரு நுணுக்கம்: 7 மெகாஹெர்ட்ஸில் பேச 7ஐயே கொடுத்தால், முதல் வால்வின் உள்ளும் புறமும் ஒரே அதிர்வெண் ஆகி, அது தானாகவே அலைய ஆரம்பிக்கலாம். 3.5 கொடுத்து வால்வை இரட்டிக்கவிடுவது நல்லது. பிசகும் இரட்டிக்கும்தான், நூறு ஹெர்ட்ஸ் நழுவல் இருநூறாகும். சில்லுக்கு அது பொருட்டல்ல, பழைய சுருளுக்குப் பொருட்டு.

மோர்ஸ் சாவியை அலையியற்றியின் மீது வைக்கவேண்டாம். அது தட்டுக்குத் தட்டு குருவிபோலக் கீச்சிடும். அலையியற்றி ஓடிக்கொண்டிருக்கட்டும், பின்னால் உள்ள வால்வுகளைத் தட்டுங்கள். ஆனால் அது நின்றுபோனால், கிரிட் ஓட்டத்திலிருந்து மட்டுமே எதிர்மின்னழுத்தம் பெறும் இறுதி வால்வு காப்பற்றுச் சிவந்துவிடும். பழைய வடிவமைப்பாளர்கள் சிலர் இதற்கெனக் காவல் வால்வு ஒன்றை வைத்ததைப் பார்க்கும்போது அவர்கள்மீது மதிப்பு கூடுகிறது. கேட்கும் நேரத்தில் அலையியற்றியின் சீழ்க்கை ரிசீவரை நிறைக்கும். அனுப்பு-கேள் சுவிட்சோடு ஒரு சிறிய ரிலேவைச் சேர்த்து, அப்போது மட்டும் அதன் வெளியீட்டைத் துண்டித்தால் போதும்.

இத்தனைக்கும் கருவியின் தகட்டில் ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. கம்பியை உருவிவிட்டுப் பழைய கிரிஸ்டலைச் செருகினால், அதே பழைய இடத்தில் மறுபடி பேசும்.