ஒருமுறை போதும்

விழிஞ்ஞத்துக் குடைவரைக் கோயிலைப் பார்த்திருப்பீர்கள். ஆய் மன்னர்கள் ஆண்ட காலத்தை நினைவூட்டும் சின்னம் அது. அன்று இவ்வூர் அவர்களுடைய துறைமுகமாகவும் படைவீடாகவும் விளங்கியது. ஒரு மன்னரின் ஆட்சி எப்போது முடியும்? அவர் இறக்கவேண்டும், அல்லது, பாண்டியர் வந்ததுபோல் பகைவர் படையெடுத்து வந்து ஊரைப் பிடிக்கவேண்டும்.

குடியரசில் அந்நாளை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்துவிடலாம். நம் குடியரசுத் தலைவரின் பதவிக்காலம் 5 ஆண்டுகள். ஆனால், ஒருவர் எத்தனை முறை அப்பதவியை வகிக்கலாம் என்பதற்கு வரம்பில்லை. மீண்டும் போட்டியிடலாம் என்றே அரசமைப்புச் சட்டத்தின் 57ஆம் உறுப்பு கூறுகிறது. இராசேந்திர பிரசாத் 1950 முதல் 1962 வரை 12 ஆண்டுகள் பதவியில் இருந்தார். அவருக்குப்பின் எவரும் இரண்டாம் முறை தேர்ந்தெடுக்கப்படவில்லை. இது வழக்கமே, சட்டமன்று. ஒருமுறைக்குமேல் கூடாது என்று இதைச் சட்டமாகவே எழுதவேண்டும் என்பது என் கருத்து.

“குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படிதானே நடக்கிறார்? அவர் நீண்டகாலம் இருந்தால் என்ன கெட்டுவிடும்?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். விடையைக் கே.ஆர். நாராயணனிடம் காணலாம். உழவூரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்து, பல கிலோமீட்டர் நடந்தே பள்ளிக்குச் சென்று, திருவனந்தபுரத்தில் பட்டப்படிப்பை முடித்தவர் அவர். உத்தரப்பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சியைக் கொண்டுவர 1997 அக்டோபரில் மத்திய அமைச்சரவை பரிந்துரைத்தது. மறுபடியும் ஆராயுமாறு அவர் அதைத் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை அதைக் கைவிட்டது. மறு ஆண்டு மத்தியில் வேறு கூட்டணி ஆட்சி செய்தது. பீகாரைப் பற்றி அது அனுப்பிய பரிந்துரையையும் அவ்வாறே திருப்பினார்.

குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்போர் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றங்களுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். வேட்புமனுவை அவர்களுள் 50 பேர் முன்மொழியவேண்டும். 50 பேர் வழிமொழியவேண்டும். மறுமுறையும் பதவியை விரும்புபவர் இவர்களையே நாடவேண்டும். ஆளுங்கட்சியின் பரிந்துரையைத் திருப்பி அனுப்ப அவருடைய கை தயங்காதா?

நம் கடற்கரையின் வடபால், தும்பையில் பணிபுரிந்த அப்துல் கலாம் இன்னும் ஐந்தாண்டுகள் இருந்திருக்கலாமே என்று வருந்துவோர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவன். ஆயினும், நல்லவர் ஒருவருக்காகத் திறந்துவைக்கும் கதவு பின்வரும் எல்லாருக்கும் திறந்தே இருக்கும்.

எழுதிவைத்தால் மட்டும் போதுமா? இலங்கையைப் பாருங்கள். அங்கே அதிபருக்கு அதிகாரம் மிகுதி. இருமுறைக்குமேல் கூடாது என்று 1978ஆம் ஆண்டின் அரசமைப்பில் எழுதியிருந்தனர். 2010இல் 18ஆம் திருத்தம் அவ்வரம்பை நீக்கியது. மூன்றாம் முறை போட்டியிட்ட மகிந்த ராசபக்சவை 2015 சனவரியில் மக்கள் தோற்கடித்தனர். அதே ஆண்டில் வரம்பு மீண்டும் வந்தது. எழுதியதையும் அழிக்க முடிந்தது உண்மையே. ஆனால், அதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகள் தேவைப்பட்டன. நாடே அதைக் கண்டது. வழக்கத்தை மீறவோ எந்தத் திருத்தமும் வேண்டியதில்லை.

தகுதி விதிகளை மாற்றவேண்டாம். இந்தியக் குடியுரிமை, 35 வயது நிறைவு, மக்களவை உறுப்பினராகும் தகுதி, ஊதியம் தரும் அரசுப் பதவியில் இல்லாமை ஆகியவையே அவை. பிறந்த ஊரையும் தாய்மொழியையும் எவரும் கேட்பதில்லை. 1997ஆம் ஆண்டுத் தேர்தலில் நாராயணனை எதிர்த்து நின்றவர், பாலக்காட்டில் பிறந்த டி.என். சேஷன். போட்டியிட்ட இருவருமே கேரளத்தில் பிறந்தவர்கள். ஒருவரின் தாய்மொழி மலையாளம், மற்றவரின் தாய்மொழி தமிழ்.