கிரேக்க விதவைகளும் நம் தாய்மாரும்



ஆதித் திருச்சபைக்குள் எழுந்த முதல் முறுமுறுப்பு எதைக் குறித்தது என்று கவனித்திருக்கிறீர்களா? அன்றாடப் பந்தி விசாரிப்பில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் விடுபட்டுப்போனார்கள் (அப். 6:1). அவர்கள் அந்நிய தேசங்களிலிருந்து எருசலேமுக்கு வந்து குடியேறியவர்கள். உள்ளூர் மொழியில் தங்களுக்காகப் பேச ஆளில்லாதவர்கள்.

செகந்திராபாத்திலும் மல்காஜ்கிரியிலும் நம் சபைகளின் பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார் பலருடைய நிலையும் இதுவே. கணவர் மறைந்தபின், நெல்லையிலிருந்தோ கடலூரிலிருந்தோ மகனோடு வந்துவிட்டார்கள். 1962-இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கி, 2023 ஆகஸ்டில் 1,200 ரூபாயாக உயர்ந்த தமிழக அரசின் முதியோர் உதவித்தொகை, ஆய்வின்போது ஆள் ஊரில் இல்லையென்றால் நின்றுபோகக்கூடும். தெலங்கானாவின் பட்டியலிலோ அவர்கள் பெயர் ஏறவே இல்லை. இரு வாசல்களுக்கும் நடுவே நிற்கிறார்கள்.

தெலங்கானாவில் 2014 நவம்பர் 8-ஆம் தேதி 'ஆசரா' திட்டம் தொடங்கப்பட்டது. ஆயிரம் ரூபாயாக இருந்த முதியோர், விதவையர் தொகை 2019-இல் 2,016 ஆயிற்று. ஊனமுற்றோர் தொகை 2023-இல் 4,016 ஆக்கப்பட்டது. அவ்வாண்டுத் தேர்தலில், 'சேயூத' என்னும் பெயரில் இவற்றை 4,000 ஆகவும் 6,000 ஆகவும் உயர்த்துவதாக வாக்குறுதி தரப்பட்டது. முதியோருக்கான வயது 65-இலிருந்து 57 ஆகக் குறைக்கப்பட்டதை இன்னும் அறியாதவர்கள் நம்மில் உண்டு.

"விசுவாசி அரசாங்கத்தின் பணத்தை நாடலாமா?" என்று சிலர் கேட்கிறார்கள். பவுல் தம் ரோமக் குடியுரிமையை எடுத்துக்கூறத் தயங்கவில்லையே (அப். 22:25). காகங்களைக் கொண்டு எலியாவைப் போஷித்தவர், தாசில்தாரைக் கொண்டும் போஷிக்க வல்லவர்! ஆயினும், இரு மாநிலங்களிலும் பெயரை வைத்துக்கொண்டு இரண்டையும் பெறுவது பொய்ச்சாட்சி. அதைச் சபை ஆதரிக்கலாகாது.

ஆகவே முதலாவது ஊரிலுள்ள ரேஷன் அட்டையிலிருந்து பெயரை நீக்கிச் சான்று பெறுங்கள். பின்பு ஆதாரில் ஐதராபாத் முகவரியை மாற்றி, இங்குள்ள உணவுப் பாதுகாப்பு அட்டையில் பெயரைச் சேர்க்க மனுச் செய்யுங்கள். ஆதாரிலுள்ள பிறந்த ஆண்டையும் பாருங்கள். நம் தாய்மாரில் பலருக்கு அது யாரோ குத்துமதிப்பாக எழுதிய ஆண்டு. விதவையருக்குக் கணவரின் மரணச் சான்றிதழ் வேண்டும்; ஊனமுற்றோருக்கு மருத்துவக் குழு அளிக்கும் சான்றிதழ் வேண்டும். ஊரிலேயே முடிக்கவேண்டியவற்றை அடுத்த பயணத்திலேயே முடித்துவிடுங்கள்.

தொகை கிடைத்தபின் வேறொரு சோதனை வருகிறது. ஏ.டி.எம். அட்டை யார் கையில்? "அம்மாவுக்குத்தான் பென்ஷன் வருகிறதே" என்று மகன் தன் கையை மூடிக்கொண்டால், பெற்றோருக்குரியதைக் 'கொர்பான்' என்று சொல்லித் தப்பித்தவர்களுக்கும் அவனுக்கும் என்ன வித்தியாசம் (மாற். 7:11)? பெற்றோரைப் பராமரிப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டமும் சொல்கிறது. மாத்திரைக்கும் காணிக்கைக்கும் பேரப்பிள்ளையின் மிட்டாய்க்கும் அந்தத் தாய் எவரிடமும் கேளாமல் செலவிடட்டும்.

அன்று அப்போஸ்தலர் ஏழு பேரை ஏற்படுத்தினார்கள். அந்த எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்களே. நம் சபைகளில் தெலுங்கு எழுதப் படிக்கத் தெரிந்த வாலிபர்கள் இருக்கிறார்கள். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் 'பிரஜாவாணி' மனு நாள் நடைபெறுகிறது. போதகர்களே, அதற்கு இருவரை நியமியுங்கள்.