செவிலியின் கடமை

மீட்கப்பட்ட தெருநாயைச் சில வாரங்கள் வீட்டில் வைத்துத் தேற்றித் தத்துக் கொடுப்பதை நாம் இன்னும் கருணைச் செயலாக மட்டுமே பேசி வருகிறோம். காயம் ஆறுவது அப்பணியின் தொடக்கம்தான். வெறிநோய்த் தடுப்பூசி, பார்வோ தடுப்பூசி, குடற்புழு நீக்கம், கருத்தடை ஆகியவற்றை மருத்துவர் பார்த்துக்கொள்வார். கழுத்துப்பட்டையோடு நடப்பது, குக்கர் விசிலுக்கு அஞ்சாதிருப்பது, வெளியே சென்று சிறுநீர் கழிப்பது, இரண்டு மணி நேரம் தனியே இருப்பது ஆகியவற்றை நாம்தான் பழக்க வேண்டும். நம் கையால் மட்டுமே உண்ணும்படி வளர்த்துவிட்டு அதைப் பாசம் என்று சொல்லிக்கொண்டால், அடுத்த வீட்டில் அவன் பட்டினி கிடப்பான். குறைகளை மறைப்பதும் அத்தகைய தீங்கே. இடியோசைக்கு நடுங்குவான், உண்ணும்போது தொட்டால் உறுமுவான் என்பதைத் தத்தெடுப்போரிடம் முன்பே சொல்லாவிட்டால், சில நாள்களில் அவன் திரும்பி வரக்கூடும். தெருவிலேயே விடப்படவும் கூடும்.

சங்க அகப்பாடல்களின் செவிலித்தாய், தான் பெறாத மகளை இன்னொரு மனைக்கென வளர்ப்பவள். ஐங்குறுநூற்றின் 'செவிலி கூற்றுப் பத்தில்' அவள் மகளின் புதுமனை வாழ்வைக் கண்டுவந்து நற்றாயிடம் மகிழ்ந்து கூறுகிறாள். தத்துக் கொடுத்தபின் ஒருமுறையேனும் சென்று பார்ப்பது நமக்கும் கடமையே. வாலாட்டி நம்மை வரவேற்றுவிட்டு, தன் வீட்டாரின் காலடிக்கே அவன் திரும்பிச் சென்றானெனில் நம் வளர்ப்பு பழுதில்லை.