ஆகாயத்தில் ஒரு மணி, தரையில் மூன்று மணி

சேலத்திலிருந்து சென்னைக்கு விமானத்தில் ஒரே மணி நேரம் என்கிறார்கள். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் வியாபாரி எந்தச் சரக்கையும் அடக்கவிலை போட்டுப் பார்த்த பிறகே வாங்குவான். பயண நேரத்துக்கும் அந்தக் கணக்கு வேண்டாமா?

கமலாபுரம் விமான நிலையத்துக்கும் மீனம்பாக்கத்துக்கும் வான்வழியில் சுமார் 265 கி.மீ. சாலை வழியே சுமார் 340 கி.மீ. இத்தடத்தில் பறக்கும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகம் போகக்கூடியது. அப்படியானால் அரை மணி நேரம் போதுமே என்று தோன்றும். ஓடுதளத்தில் ஊர்வது, மேலே ஏறுவது, சென்னையில் இறங்க முறை வருவது எல்லாம் சேர்ந்துதான் ஒரு மணி நேரம் ஆகிறது.

இனி கடையிலிருந்து கடைக்குக் கணக்கிடுவோம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கமலாபுரம் போக முக்கால் மணி. முன்கூட்டிப் போய்ச் சோதனை முடித்துக் காத்திருக்க ஒன்றேகால் மணி. பறக்க ஒரு மணி. இறங்கி வெளியே வர 20 நிமிடம். மெட்ரோ ரயில் ஏறி மண்ணடியில் இறங்கிக் கொள்முதல் கடைக்கு நடக்க ஒரு மணி. ஆக 4 மணி 20 நிமிடம்! வந்தே பாரத் ரயிலில் போனாலும் வீட்டை விட்டுப் புறப்பட்டு நாலே முக்கால் மணி நேரத்தில் அதே கடைக்குப் போய்விடலாம். மிச்சம் அரை மணி கூட இல்லை.

அப்படியானால் விமானம் வீணா? இல்லை. அதன் இலாபம் நிமிடத்தில் இல்லை, புறப்படும் வேளையில் இருக்கிறது. அந்த ரயிலில் போனால் நண்பகலில் இறங்கி, பிற்பகலிலேயே திரும்பும் வண்டியைப் பிடிக்க ஓட வேண்டும். ஏற்காடு எக்ஸ்பிரஸில் போய்வந்தால் இரண்டு இரவுத் தூக்கம் போகிறது. காலை 7 மணிக்குச் சேலத்தில் ஏறி, மாலை 7 மணிக்குச் சென்னையில் திரும்ப ஏற முடிந்தால் மட்டுமே, சரக்கு பார்த்து, விலை பேசி, பாக்கி தீர்த்து, இரவுச் சாப்பாட்டுக்கு வீடு வரலாம். நடுப்பகலில் ஒரு விமானம் வந்து போனால், லாட்ஜ் வாடகையும் டிக்கெட்டோடு சேரும்.

உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் தொடங்கிய சென்னை சேவை சில ஆண்டுகளில் நின்றது. 2023 அக்டோபரில் வேறொரு நிறுவனம் மீண்டும் தொடங்கியது. மறுபடியும் நின்றுவிடாமல் காப்பதில் நமக்கும் பங்குண்டு.

எனவே நம் சங்கம் இரண்டு கோரிக்கைகளை எழுப்ப வேண்டும். ஒன்று, காலையில் போய் மாலையில் திரும்பும் கால அட்டவணை. மற்றொன்று, விமான நேரத்துக்கு ஏற்பப் புதிய பேருந்து நிலையத்திலிருந்து கமலாபுரத்துக்குப் பேருந்து. கேட்டது கிடைத்தால் அதில் ஏறிப் போக வேண்டிய கடமை நம்முடையது. இருக்கை காலியாகப் பறந்தால் எந்த நிறுவனமும் நீடிக்காது. விற்காத சரக்கை எத்தனை நாள் அடுக்கி வைக்க முடியும் என்பது நமக்குத் தெரியாததா?